குடை பிடித்தவள்

எழுத விஷயமே கிடைக்காத அக்கா, கடைசியில் அப்பாவைப் பற்றி எழுதினாள். சிறுவயதில் அவள் கால் முறிந்தபோது, அப்பா இரண்டு கைகளாலும் அவளை ஏந்திக்கொண்டு கொட்டும் மழையில் ஆஸ்பத்திரிக்கு நடந்த கதை. அப்பா இறந்தபிறகு பிறந்த தங்கைக்கு அவரைக் காட்டத்தான் எழுதினாள்.

அக்கா படித்துக் காட்டியதை வெங்காயம் நறுக்கியபடி கேட்ட தங்கை, "குடையை விட்டுட்டியேக்கா," என்றாள்.

"அப்பா பிடிச்சிருப்பாரு."

"அவர் ரெண்டு கையாலயும் உன்னைத்தானே தூக்கியிருந்தாரு? நான்தான் பிடிச்சேன், அவர் தோள்ல உக்காந்துகிட்டு. 'சாய்க்காதடா கண்ணு, அக்கா நனையுறா'ன்னு சொல்லிட்டே வந்தாரு."

"அப்ப நீ பொறக்கவே இல்லடி."

"அதான் எனக்கும் புரியல." தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு நினைவு வந்தது. அன்று அவள்மேல் ஒரு துளிகூட விழவில்லை. வழிநெடுக அப்பா இடது தோள் பக்கம் முகத்தைத் திருப்பி, மெதுவாக ஏதோ பேசிக்கொண்டே நடந்தார்.