கட்டாரில் கலியாண வாணம்

“அது ஏவுகணை இல்லை நேயர்களே. ஏதோ பெரிய இடத்துக் கலியாணமாயிருக்கும். வாணம் விடுகினம்.”

ஒலிவாங்கிக்கு முன்னால் பொன்னம்பலம் இதைச் சொன்னபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த பிரதாபனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. கட்டார் வானத்தில் ஏவுகணைகள் பறந்ததாகவும், விமானப் போக்குவரத்தே நின்றுபோனதாகவும் அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் அதே ஒலிவாங்கியில் அவன் செய்தி வாசித்திருந்தான்.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் பிரதாபன் நடத்தும் தமிழ் வானொலி அது. ஐந்தரைக்குச் செய்தி. ஆறு மணிக்குப் பொன்னம்பலத்தின் ‘அரபுலக ஆய்வு’.

பொன்னம்பலம் பகலில் பேக்கரியில் பாண் போடுகிறவர். அரபு மண்ணில் அவர் கால் வைத்தது ஒரே ஒரு தடவை, டுபாய் விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம். ஆனாலும் சனம் அவரை நம்பியது. “வெள்ளிக்கிழமை யுத்தம் வெடிக்கும்” என்பார். வெடிக்காவிட்டால் “அடுத்த வெள்ளி” என்பார்.

மூன்று கிழமையாகத்தான் மனிதர் மாறிப்போனார். அங்கே பதற்றம் கூடக் கூட, இவருடைய ஆய்வில் சமாதானம் கூடியது. படை குவிக்கிறார்கள் என்றால் “சும்மா பயிற்சி” என்றார். தூதரகத்தைக் காலி செய்கிறார்கள் என்றால் “கோடை விடுமுறைதானே” என்றார். இப்போது கலியாண வாணம்.

அஜக்ஸிலிருந்து ஒரு நேயர் கோபத்தோடு தொலைபேசியில் வந்தார்.

“அண்ணை, உலகமே ஏவுகணை எண்டுது. நீங்கள் மட்டும் என்ன வாணம் எண்டுறியள்?”

“தம்பி, நீர் கலியாணம் கட்டிட்டீரோ?”

“இன்னும் இல்லை.”

“அதுதான் உமக்கு வித்தியாசம் தெரியேல்லை. அடுத்த நேயர்!”

பிரதாபனின் கைபேசி அதிர்ந்தது. வீடு விற்கும் கிறிஸ்துநாயகம். வானொலியின் பெரிய விளம்பரதாரர்.

“தம்பி, உவர் கட்டார்க்காரரிட்டை விலை போயிட்டார். மார்க்கம் நகரத்தில ஷவர்மா கடையில ஒரு அரபுக்காரனோட நிண்டு கதைச்சவராம்.”

“ஷவர்மா கடையில வேற ஆரோட அண்ணை கதைக்கிறது?”

“உந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். சனம் பயந்தாத்தான் ரேடியோ கேக்கும். ரேடியோ கேட்டாத்தான் என்ர விளம்பரம் கேக்கும். உவரை இண்டைக்கே நிப்பாட்டும். இல்லாட்டி நான் விளம்பரத்தை நிப்பாட்டுறன்.”

நிகழ்ச்சி முடிந்து பொன்னம்பலம் வெளியே வந்ததும் பிரதாபன் நேரே விஷயத்துக்கு வந்தான்.

“அண்ணை, நாளையில இருந்து நீங்கள் வரவேண்டாம்.”

“சரி. ஆனா இன்னும் ரெண்டு கிழமை மட்டும் விடுமன்.”

“ஏன், கட்டார்க்காரரோட அவ்வளவு நாளுக்குத்தான் ஒப்பந்தமோ?”

பொன்னம்பலம் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“பிக்கரிங்கில சாமித்தம்பி எண்டு ஒரு மனிசன். இதயத்தில ஒப்பரேஷன் செய்து நாலு கிழமை. மகள் மதுரா கட்டாரில ஆஸ்பத்திரி வேலை. அவளுக்கு வயசு கூடிப்போச்சு எண்டு, பிள்ளையா ஸ்பொன்சர் செய்து இஞ்ச எடுக்க முடியேல்லை. மனிசனுக்கு அதிர்ச்சியே கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மனிசி நாகேஸ்வரி டீவியைக் கழட்டி வைச்சு, அவற்ற போனையும் ஒளிச்சுப்போட்டா. ரேடியோவையும் செய்தி முடிஞ்ச பிறகுதான் போடுவா. ஆனா ஆறு மணிக்கு என்ர ஆய்வைக் கேக்காட்டி அந்தாள் இரவுச் சாப்பாடு தொடாதாம். அவ பேக்கரி வாசலில வந்து நிண்டு அழுதவ. நான் என்ன செய்ய?”

“அதுக்காக ஊருக்கே பொய் சொல்லுறதே?”

“ஊருக்கு உம்மட அஞ்சரைச் செய்தி இருக்கு. ஆளாளுக்குக் கையில போன் இருக்கு. அந்தாளுக்கு நான் மட்டும்தானே.”

பிரதாபனுக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனாலும் வானொலிக்கென்று ஒரு பெயர் இருக்கிறதே. இது இனிச் சரிவராது என்று அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நாகேஸ்வரியின் இலக்கத்தை வாங்கி அழைத்தான்.

எடுத்தது ஆண் குரல்.

“அவ குளிக்கிறா. நான் சாமித்தம்பி. நீங்க ரேடியோப் பிரதாபன்தானே? குரலைக் கேட்டாலே தெரியுது.”

ஒரு வார்த்தை பிசகினாலும் ஓர் உயிர் போய்விடும்.

“சும்மா... சுகம் விசாரிப்பம் எண்டு எடுத்தனான் அங்கிள்.”

“பொன்னம்பலத்தாரை நேயர்கள் ஏசினதைக் கேட்டன். அவரை நிப்பாட்டிப் போடாதீங்க, மனே.”

“சேச்சே. அவர் சொல்லுறது சரிதானே அங்கிள். அங்க ஒரு பிரச்சினையும் இல்லை. அது... அது வாணம்தான்.”

சொல்லிவிட்டுப் பிரதாபன் தன் வாயையே நம்பமுடியாமல் பொன்னம்பலத்தைப் பார்த்தான். 

மறுபக்கத்தில் சாமித்தம்பி மெல்லச் சிரித்தார்.

“நீங்களுமா, மனே? அது ஏவுகணைதான். மதுரா நிலக்கீழ் கார்த் தரிப்பிடத்தில ஒதுங்கி நிண்டு எனக்குக் கோல் எடுத்தவ. பிள்ளைக்கு ஒண்டுமில்ல, சுகமா இருக்கா. என்ட தலையணைக்குக் கீழ இன்னொரு போன் இருக்கு. அது மனிசிக்குத் தெரியாது.”

“அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியுமே? பிறகேன் அங்கிள் ஒவ்வொரு நாளும் குந்தியிருந்து உந்தப் பொய்யைக் கேக்கிறியள்?”

தூரத்தில் எங்கோ குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சாமித்தம்பியின் குரல் சட்டென்று தணிந்தது.

“நான் அதை நம்புறன் எண்டு நினைச்சாத்தான், மனே, அவ நிம்மதியா நித்திரை கொள்றா.”