முங்காத கால்

"கால்," என்றார் தேவசித்தம்.

தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த வெள்ளைக்காரப் பையன் நிமிர்ந்தான். அவன் பிடியில் பச்சைநாயகி அம்மாள், தலையிலிருந்து நீர் சொட்ட, இன்னும் மூக்கை விடாமல் நின்றாள்.

"கால் மேல வந்துருச்சு. செல்லாது. இன்னொருக்கா."

தேவசித்தம் சாட்சி. ஞானஸ்நானத்துக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். ஒரு நகம் முங்காமல் போனாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மனிதர் அரசாங்கத் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பரலோகத்தின் கணக்கையும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சபைக்குள் ஒரு பேச்சு உண்டு.

இன்னொரு சாட்சி அவனுடைய ஜோடி, ராஜமுந்திரிப் பையன். மார்மன் ஊழியக்காரர்கள் எங்கே போனாலும் இரட்டையாகத்தான் போக வேண்டும். இருவருக்கும் பட்டம் எல்டர். அதாவது, மூப்பர். யூட்டாவிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்திருக்கும் இந்த மூப்பருக்கு மீசை இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் விமானம்.

இரண்டு வருடம் டை கட்டிக்கொண்டு வெயிலில் நடந்ததில் அவனுக்குக் கிடைத்தது டைஃபாய்டு மட்டும். ஒரு ஆத்துமாகூடத் தேறவில்லை. அவன் அப்பா பிரேசிலில் பாதி ஊரை முக்கியெடுத்தவர். வாராவாரம் போனில் அம்மா கேட்பாள். அப்பா கேட்காமல் இருப்பார்.

இரண்டாவதுதான் வலித்தது.

ஆகவே பச்சைநாயகி அம்மாள்.

பேரூர்ப் பக்கம் தையல்கடை. பாடங்கள் அத்தனையையும் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். திருப்பிக் கேட்டது ஒன்றுதான்.

"எங்கூட்டுக்காரரு கூட வரலாமுங்களா?"

அதே கடையில் தைத்துவந்த வீட்டுக்காரர் போன மாசியில் இறந்துபோனவர்.

அவன் தயங்கவில்லை. இறந்தவர்களுக்கும் வழி உண்டு என்று தன் புத்தகத் தமிழில், மலைமேல் நின்று பேசுகிற தோரணையில் விளக்கினான். அதற்கென்று ஆலயம் உண்டு. அவருக்குப் பதிலாக இன்னொருவர் முழுகுவார். ஆனால் இறந்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். அதுவரை அவர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"அவரு வரிசைல நிக்கற ஆளு இல்லீங் தம்பி."

அன்று அவன் சிரித்தான்.

இப்போது வலக்கையை உயர்த்தி ஜெபத்தை மறுபடி சொன்னான். ஒரு சொல் பிசகினாலும் செல்லாது. பிசகவில்லை. முழங்காலை மடக்கச் சொன்னான். மடக்கினாள். பின்பக்கமாகச் சாய்த்து அமுக்கினான்.

"கால்."

இந்தத் தடவை அவனும் பார்த்தான்.

தொட்டியின் மறுகோடியில், படிகளின் ஓரம். பித்தவெடிப்பு விழுந்த அகலமான குதிகால். மேலே வந்தது. காற்று வாங்குவதுபோல் கொஞ்சம் நின்றது. உள்ளே போயிற்று.

அவள் கால் அவ்வளவு தூரம் நீளாது.

நாற்காலிகளில் யாரோ ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாதபோது சபை பாடும்.

"அம்மா, காலைக் கீழே வையுங்கள்," என்றான், அவளைப் பார்க்காமல்.

"என் காலு ரெண்டும் தரையிலதான் இருந்துச்சுங் தம்பி."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயம் இல்லை. பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறவளின் சின்ன வெட்கம் இருந்தது.

ராஜமுந்திரிப் பையன் கண்களை மூடிக்கொண்டிருந்தான். உதடுகள் தெலுங்கில் அசைந்தன. சாட்சிக்கு அது அழகில்லை.

தேவசித்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவரும் பார்த்துவிட்டார். அதற்காக விதியை விட முடியுமா?

"யாரு காலா வேணா இருக்கட்டும் எல்டர்," என்றார். "தொட்டிக்குள்ள எறங்குனது முழுசா முங்கணும். அவ்வளவுதான்."

அவன் தண்ணீரைப் பார்த்தான்.

லாரித் தண்ணீர். கொஞ்சம் கலங்கல். அதற்குள் அவனுடைய வெள்ளை உடை. அவளுடைய வெள்ளை உடை. இரண்டுக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் வெள்ளை, ஒரு வேட்டியளவுக்கு.

அவன் கால்சட்டையின் ஓரத்தை ஏதோ பிடித்தது.

இழுக்கவில்லை. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்கப் பிடிப்பார்களே, அப்படி.

கரையேறிவிடலாம். மயக்கம் என்று சொல்லலாம். சொன்னால் நம்புவார்கள், வெள்ளைக்காரனுக்கு இந்த ஊரில் எது வேண்டுமானாலும் வரும். அடுத்த வாரம் விமானம் ஏறலாம். வீட்டு வாசலில் அம்மா கட்டிக்கொள்வாள்.

அப்பா கேட்காமல் இருப்பார்.

அவன் மறுபடி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிறகு, யோசித்து, இன்னொரு கையைத் தண்ணீருக்குள் விட்டான். கை காலியாக இருக்கவில்லை. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். அவள் விரல்கள் போலத்தான். ஆனால் பெரியவை.

ஜெபத்தில் முழுகுகிறவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

குரலைத் தாழ்த்தினான்.

"அவர் பெயர் என்ன அம்மா?"

பச்சைநாயகி அம்மாள் தலை குனிந்துகொண்டாள். அத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. கட்டிய புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவள் பக்கம் கிடையாது.

"நான் எப்படிங் தம்பி சொல்றது," என்றாள். "அவரையே கேட்டுக்குங்க."

பாட்டு நின்றிருந்தது.

அவன் குனிந்து, ஒரு காதைத் தண்ணீரில் வைத்தான்.