பச்சோந்தி வாத்தியார்

“ஜோடி சேர்க்க வந்துட்டியா? மூளைய வீட்லயே வெச்சிட்டு வந்தியா?” என்று சீறினார் நந்தாங். பாண்டுங் நகரத்தில் பச்சோந்தி வளர்ப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார்.

ஆண் பச்சோந்தியைக் கூண்டோடு தூக்கி வந்திருந்த யாயாத் நெளிந்தான். “உங்க பொட்டைகூட ஒரே ஒரு தடவை விட்டா போதும்ண்ணே.”

“அது முட்டை போட்டு மூணு மாசம்கூட ஆகலடா. உடம்பு தேற வேண்டாமா? சத்தெல்லாம் முட்டைக்கே போயிடுச்சு. அடுத்தடுத்துப் போட வெச்சா செத்துடும். உன் பயலைப் பார்த்ததும் என்ன பண்ணுது பாரு!”

பெண் பச்சோந்தி உடம்பெல்லாம் கறுத்து, மஞ்சள் புள்ளிகள் தெறிக்க, வாயைப் பிளந்துகொண்டு ஆடியது.

“கிட்ட வராதேங்குது. அதுக்கப்புறமும் விடுறவன் மனுஷனா? த்தூ!”

யாயாத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் இருவருக்கும் காபி வைத்தேன்.

“பொறுமை இல்லாதவனுக்கெல்லாம் இது எதுக்குத் தம்பி?” என்று காபியை உறிஞ்சினார் நந்தாங் மகான்.

என் இடுப்பில் கைக்குழந்தை. காலைக் கட்டிக்கொண்டு அதற்கு மூத்தது. வயிற்றில் மூன்றாவது. மூன்றுக்கும் அப்பா இதே வாத்தியார்தான். ‘இப்ப வேணாங்க, உடம்பு தாங்காது’ என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். கட்டிய மனைவி வாயால் சொன்னால் இவர் காதில் ஏறுமா?

மறுநாள் காலை முதல் ஆளாகத் துணிக்கடையில் போய் நின்றேன்.

“பிரசவத்துக்கு அப்புறம் போட்டுக்கணும். கறுப்புல மஞ்சள் புள்ளி போட்ட நைட்டி இருக்கா?”