திரைக்குப் பின்னால் பத்து நாள்

"வேலை கத்துக்க வந்த ஆளுன்னு சொன்னீங்க. இப்ப உங்க இருமலையும் சேர்த்துக் கத்துக்கிட்டானே! திரைக்குப் பின்னாடி ரெண்டு இருமல் கேட்குது. இதில எது என் புருஷன்?"

"கத்தாதே! தராசு முள்ளு ஆடுது."

"ஆடட்டும். அதுக்காவது என் பேச்சு காதில விழுதே!"

சண்டை நாலு வீடு தள்ளிக் கேட்டது. கேட்காதவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

அவள் கணவர் எடை அளவு ஆய்வாளர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். வீட்டின் முன்னறைதான் சோதனைக்கூடம். மூச்சுக்காற்று பட்டாலே தடுமாறும் தராசு ஒன்று அங்கே இருந்ததால், முன்னறைக்கும் வீட்டுக்கும் நடுவே கம்பளி கனத்தில் ஒரு திரை. அதைத் தாண்டி அவள் போகக்கூடாது என்பது இருபத்திரண்டு வருஷச் சட்டம். வந்து போகிறவர்களுக்குத் தெருப்பக்கம் தனிக் கதவு. புதிதாக வந்த உதவியாளரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. சத்தம்தான் பழக்கம். 'நிழல்' என்று பெயர் வைத்திருந்தாள்.

பெயர் பொருத்தமானதுதான். அந்த அலுவலகத்துக்குப் புத்தகப் படிப்பில் நம்பிக்கை இல்லை. பதவி உயர ஆசைப்படும் உதவியாளர் மூன்று மாதம் ஆய்வாளர் கூடவே திரிய வேண்டும். பிறகு, முன்கூட்டிச் சொல்லாத ஒரு நாளில், அவர் நாற்காலியில் அவராகவே உட்கார்ந்து பத்து நாள் வேலை பார்க்க வேண்டும். கடைக்காரரோ வீட்டாரோ ஒரே ஒரு வித்தியாசம் கண்டுபிடித்துச் சொன்னால் போச்சு. சொல்லாவிட்டால் உதவியாளர் ஆய்வாளர் ஆகலாம். ஆய்வாளர் தலைமை அலுவலகத்துக்கு அதிகாரியாகப் போகலாம்.

அவருக்கு அது கனவு. அவளுக்கோ ஊரை விட்டு நகர விருப்பமில்லை. அடுத்த தெருவில் அக்கா. மாடியில் அவளே தொடங்கிய தையல் வகுப்பு, பதினெட்டு மாணவிகள்.

"ஒரு வித்தியாசம் போதும். அவனைப் பிடிச்சுக் கொடுத்துடுவேன். நீங்களும் எங்கேயும் போக முடியாது."

"பிடிச்சுத்தான் பாரேன்."

"பார்க்கிறேன்! பரீட்சை முடியற வரைக்கும் உங்க முகத்தில முழிக்க மாட்டேன்!"

ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியவள் முதல் வேலையாக முகத்தையே பார்க்க மாட்டேன் என்று சபதம் போட்டாள். கோபம் வந்தால் புத்தி வாசல் வரைக்கும் போய் நிற்கும் போலிருக்கிறது. ஆய்வாளர் முன்னறையிலேயே கட்டில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டு திரைக்கு அடியில் போய் வந்தது.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டது அவ்வளவு நன்றாக இல்லை. ஒரே நொடியில் இரண்டு நாற்காலிகள் நகர்ந்தன. ஒரே நொடியில் இரண்டு தொண்டைகள் செருமின. காலையில் இரண்டு பேர் வெளியே போனார்கள். காலடி ஓசை மட்டும் ஒருவருடையது. பட்டப்பகலில், அடுப்படியில் நின்றபடி, அவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது.

ஒரு திங்கட்கிழமை, உள்ளே போன இரண்டு டம்ளர் தேநீரில் ஒன்று ஆடை படிந்து அப்படியே திரும்பி வந்தது.

"எங்கே உங்க நிழல்?"

"போயாச்சு."

"துரத்திட்டீங்களா?"

"ம்."

அந்த 'ம்' அவருடையதேதான். பாதி எரிச்சல், பாதி தூக்கம். அவள் அன்றைக்கே அக்காவிடம் ஓடிப்போய் "ஜெயிச்சுட்டேன்" என்றாள்.

கடைவீதியிலும் ஒரு குறை இல்லை. முத்திரைப் பையைப் பார்த்ததும் எடைக்கற்களை ஒளிக்க ஓடும் கடைக்காரர்கள், அதைத் தூக்கி வந்தவரின் முகத்தை எங்கே பார்த்தார்கள்!

திங்கட்கிழமையிலிருந்து நாலாம் நாள். அவள் மாடிப்படி ஏறும்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"

அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "என்ன கேட்டீங்க?"

"ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு ஏறுற. இங்க கேட்குது."

குரல் அவருடையது. இருமல் அவருடையது. அவளுக்கு முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. ஏறிய படிகளை இறங்கித் திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பரவாயில்லை" என்றாள்.

அன்று சாயங்காலம் திரையருகே ஒரு முக்காலி வந்தது. மறுநாள் பேச்சு வந்தது. எந்த மாணவி சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்தாள் என்றெல்லாம் கதை. திரைக்குப் பின்னால் சிரிப்பு. அந்த வீட்டுச் சிரிப்பைக் கேட்டுப் பழகாத தெரு மறுபடியும் ஜன்னலைத் திறந்தது. தட்டைத் தள்ள உள்ளிருந்து கை நீளும்போது மட்டும் அவள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். சபதமாம்!

பதினோராம் நாள் காலை, கொல்லைக் கதவு தட்டப்பட்டது. திறந்தாள்.

பெட்டியும் கையுமாக அவள் கணவர் நின்றார்.

"பரீட்சை பாஸ்!" என்றார். "நான் பத்து நாளா தலைமை அலுவலகத்திலதான் இருந்தேன். இனிமே அங்கே அதிகாரி. ஊர்ல ஒரு புகார் இல்லையாம். பிடிச்சுக் கொடுக்கிறேன்னு குதிச்சியே, நல்லா ஏமாந்தியா? கிளம்பு, மூட்டையைக் கட்டு."

உள்ளே திரைக்குப் பின்னால் அவரே இருமினார். கொல்லையில் நின்றவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான் ஏமாறலை. நாலாம் நாளே தெரிஞ்சுபோச்சு. இருபத்திரண்டு வருஷத்தில நீங்க எப்ப என் முழங்காலை விசாரிச்சீங்க?" என்றாள் அவள் மெதுவாக. "சத்தம் போடாதீங்க, அவர் வேலையா இருக்கார்."

கதவைச் சாத்தினாள். அதிகாரி தனியாகத்தான் ஊர் மாறினார். விவாகரத்து முடிந்ததும் அவள் புது ஆய்வாளரைக் கட்டிக்கொண்டாள். அவர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தது பதிவு அலுவலகத்தில், கையெழுத்துப் போட்ட பிறகுதானாம்.