மவுண்ட் ஹாரியட் பரீட்சை

"பர்லியார் தாண்டினதும் ரோடு செங்குத்தா நிமிரும். பின்னால ஆளும் இருக்கு. அப்ப எந்த கியர்ல போவீங்க, சொல்லுங்க பாக்கலாம்?"

கேட்டுவிட்டு, ஜெகநாதன் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார் பன்னீர்செல்வம். போர்ட் பிளேரிலிருந்து வண்டூருக்கு அரசு பஸ் ஓட்டுகிறவர். அந்தமானுக்குக் கப்பல் ஏறும் முன்பு மேட்டுப்பாளையம் - ஊட்டி மலைப்பாதையில் லாரி ஓட்டியவர்.

ஜெகநாதன் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினான். சமையலறையில் கரண்டி வாணலி விளிம்பில் 'டக், டக்' என்று தட்டியது.

"செகண்ட் கியர்ண்ணே."

"அச்சா! கொண்டை ஊசி வளைவுல?"

'டக்' என்றது கரண்டி.

"ஃபர்ஸ்ட்."

"பரவாயில்லையே! ஆபீஸ்ல பைல் கட்டுற ஆளுன்னு நெனச்சேன். வெவரமாத்தான் இருக்கீங்க."

ஜெகநாதன் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. வெகுநாளைக்குப் பிறகு மெயின்லேண்ட் லீவு கிடைத்திருந்தது. அடுத்த வாரம் கப்பல். மனைவி விசாலாட்சி போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரிலேயே பிறந்து வளர்ந்தவள், இதுவரை கடல் தாண்டாதவள். குன்னூர், ஊட்டி, கோத்தகிரி என்று கோடை முழுக்க மோட்டார் சைக்கிளில் மலை மலையாகச் சுற்றிவிட வேண்டும் என்று இருவரும் சேர்ந்து திட்டம் போட்டிருந்தார்கள்.

வண்டிதான் இல்லை. விசாலாட்சியின் அப்பா கண்ணையாவின் மோட்டார் பட்டறையில் ஒரு பழைய வண்டி உண்டு. அதைக் கப்பலில் ஏற்ற வழியில்லை. பன்னீர்செல்வத்தின் தம்பி சுந்தரம் மேட்டுப்பாளையத்தில் ஒன்று வைத்திருந்தான். அண்ணன் ஒரு தந்தி அடித்தால் கொடுப்பான். அடிக்காவிட்டால் லீவு மொத்தமும் சொந்தக்காரர்கள் வீட்டில் விருந்து சாப்பிட்டே தீர்ந்து போகும்.

"அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் ஜெகநாதன். "பின் சீட்டுல உக்கார்றவங்க வளைவுல எந்தப் பக்கம் சாயணும்?"

"ஓட்டுறவங்க எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்."

"மாத்திச் சாஞ்சா?"

"ரெண்டு பேருமாச் சேர்ந்து கீழ பள்ளத்துல தேயிலை பறிக்கலாம்."

"பள்ளத்தைப் பாத்துத் தலை சுத்துச்சுன்னா?"

"கண்ண இறுக்கி மூடிக்கோணும். பின்னால இருக்கறவங்களுக்கு ரோடு எதுக்கு?"

"குமட்டிக்கிட்டு வந்தா?"

"எலுமிச்சம்பழத்த மோந்து பாக்கோணும். என்ன தம்பி, எல்லாம் பின் சீட்டுக் கேள்வியாவே இருக்கு?"

"பின் சீட்டுதானேண்ணே கஷ்டம்!"

விசாலாட்சி டீ கொண்டு வந்து வைத்தாள். டம்ளரில் அவள் விரல் பட்ட இடத்தில் கறுப்பாக ஒரு தடம் இருந்தது. அடுப்புக்கரி போலிருக்கிறது என்று பன்னீர்செல்வம் தன் துண்டாலேயே துடைத்துக்கொண்டார்.

"அம்மிணி, நீ குடுத்து வச்சவ. பொண்டாட்டிக்காக இத்தனை கேள்வி கேக்கற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல. பயப்படாத. கண்ண மூடிக்கிட்டு உக்காந்துக்கோ, அவ்வளவுதான்."

"சரிங்கண்ணே" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஆனா தம்பி, வாயில எல்லாரும் நல்லா ஓட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை மாமனார் வண்டிய ஃபெர்ரியில ஏத்திக்கிட்டு அக்கரையில பாம்பூஃப்ளாட் வந்துடுங்க. ரெண்டு பேருமா மவுண்ட் ஹாரியட் மலை உச்சி வரைக்கும் போய் எறங்கி வரோணும். அடிவாரத்துல நான் இருப்பேன். எறங்கினதும் பிரேக் டிரம்மத் தொட்டுப் பாப்பேன். கை சுட்டுச்சுன்னா, கியர்ல எறக்காம பிரேக்கப் புடிச்சுக்கிட்டே வந்திருக்கீங்கன்னு அர்த்தம். அப்புறம் என் தம்பி வண்டிய மறந்துடோணும். சுடலைன்னா அன்னிக்கே தந்தி. டீக் ஹை?"

"டீக் ஹை!" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

ஞாயிற்றுக்கிழமை பன்னீர்செல்வம் ஃபெர்ரியிலிருந்து இறங்கியபோது, அவர்கள் முந்தின ஃபெர்ரியிலேயே வந்து மலையேறிப் போயிருந்தார்கள். அவர் அடிவாரத்து மதகின் மேல், சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். புது டிரைவர்களையும் அவர் அப்படித்தான் சோதிப்பார். ஓட்டுகிறவனைக் கண்ணால் பார்க்கக் கூடாது, வண்டியைக் காதால் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி.

உச்சியிலிருந்து எஞ்சின் சத்தம் இறங்கி வரத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கியர் மாறியது. எங்கும் ஒரு கிறீச்சில்லை, ஒரு திணறல் இல்லை.

"க்யா பாத் ஹை!" என்று தனக்குள் சொல்லித் தலையாட்டிக்கொண்டார்.

வண்டி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. விறுவிறுவென்று திரும்பி, வேறெதையும் பார்க்காமல் பின் சக்கரத்தின் அருகே குந்தினார். டிரம்மை முதலில் ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையையே வைத்தார். குழந்தையின் நெற்றியைப் போல லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"பாஸ்! தந்தி இன்னிக்கே போகுது! எங்க, அந்த ஓட்டுன கையக் குடுங்க!"

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவரின் மூக்குக்கு நேரே, பின் சீட்டுக் கால்மிதியில் ஜெகநாதனின் ஆபீஸ் ஷூ இருந்தது. அதற்கு மேலே கையில் ஒரு எலுமிச்சம்பழம். அதற்கும் மேலே, இறுக்கி மூடிய இரண்டு கண்கள்.

முன் சீட்டில் சேலையை வரிந்து கட்டியிருந்த விசாலாட்சி, ஹாண்டிலிலிருந்து கிரீஸ் படிந்த கையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்க சொன்னபடியேதாண்ணே, உச்சியில மூடின கண்ண இன்னும் தொறக்கல. கீழ வந்தாச்சுன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."