பந்து விழும் இடம்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கபிலன் குவாட்டர்பேக். தன் அணியினருக்குப் பந்தை எறிவது அவன் வேலை. எறிந்ததும் அரங்கமே பந்தின் பின்னால் தலையைத் திருப்பும். அவன் அம்மா தேன்மொழி மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். கையை வீசி முடிக்கும் அந்த நொடியில்தான் எதிரணியில் யாராவது பாய்ந்து வந்து அவனைத் தள்ளுவார்கள்.

"அக்கா, பந்து அங்க போவுது. நாலு வருஷமா டிக்கெட் எடுத்து, புள்ள எந்திரிக்கிறத மட்டும் பாத்துட்டு வர்றீங்க" என்று பக்கத்து இருக்கை ஹேமா சிரிப்பாள்.

அன்று கடைசி ஆட்டம். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கத் தொழில்முறை அணிகளின் ஆட்கள் வந்திருந்தார்கள். கடைசிப் பந்தை அவன் அணியில் ஒருவன் பிடித்துவிட்டால் வெற்றி, கபிலனுக்கும் அழைப்பு வரும் என்றார்கள். அவன் எறிந்தான். எதிரணியினர் இருவர் ஒன்றாக அவன்மேல் மோதினார்கள். அவன் எழவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சர் வரும் வழிக்குத் தேன்மொழி இறங்கி ஓடினாள்.

"அம்மா, புடிச்சுட்டானா?"

அரங்கம் கத்திக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்துச் சத்தம் என்று தெரியவில்லை. தலையைத் திருப்பினால் பெரிய திரையில் தெரிந்துவிடும்.

"சொல்லும்மா."

"இருடா, பாக்குறேன்" என்று சொன்னாள், அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.