வார்த்தைகளை எடுத்த பிறகு

அக்கா ஹெட்போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

தமயந்தியால் தடுக்க முடியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு கல்லூரிப் பெண்கள் இதழைப் புரட்டியபடி, இது என்ன மை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, இரண்டு காதையும் மூடிக்கொண்டாள்.

வருவதாகச் சொல்லவே இல்லை. உடுமலையிலிருந்து கோவைக்குத் துணி எடுக்க வந்தார்களாம். "உன்ற தங்கச்சி என்னமோ பண்றாளாமா, ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போலாம்" என்று மாமாதான் கூட்டி வந்தாராம்.

மாமா அக்காவுக்குப் பின்னால் நின்றார். ஒரு கை நாற்காலியின் முதுகில் இருந்தது.

அந்த இடம் மூடிப்போன ஒரு பஞ்சுக் கிடங்கு. பதிப்பகம் என்று எதுவும் இல்லாதவர்கள், தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்து, தாங்களே பின் அடித்த சின்னச் சின்ன இதழ்களோடு மேசை போட்டிருந்தார்கள். தமயந்தியும் அவள் தோழி நஸ்ரீனும் ஒரு மூலையைப் பிடித்திருந்தார்கள். ஓர் இதழ், ஒரு திரை, ஒரு ஹெட்போன். அவ்வளவுதான் அவர்கள் வெளியீடு.

கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு. காதில் ஒலி ஏறும்போது கோடு நடுங்கும். பிய்ந்துபோகும். மறுபடி சேரும். பிய்ந்த இடங்களைத்தான் தமயந்தி பக்கம் பக்கமாக இதழில் அச்சடித்திருந்தாள்.

காலையிலிருந்து நிறையப் பேர் கேட்டார்கள். கேட்டு முடித்த ஒரு பெண், தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தமயந்திக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

ஒலி அக்காவுடையது.

கல்யாணமான புதிதிலிருந்து அக்கா அனுப்பிய குரல் செய்திகள். குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாள். பேச்சு வெளியே கேட்கக் கூடாதே. கன்னம் வீங்கியதைச் சொல்வாள். மாமா வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போனதைச் சொல்வாள். தமயந்தி ஒவ்வொரு வார்த்தையாக வெட்டி எடுத்தாள். மூச்சும் தண்ணீரும் மிஞ்சின.

பெயர் இல்லை. சொல் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

"அக்காகிட்ட கேட்டுட்டியா?" என்று நஸ்ரீன் ஒருமுறை கேட்டாள்.

கேட்டுவிட்டேன் என்றாள் தமயந்தி.

அதற்குள் பெரியவர்கள் கூடிப் பேசி, அம்மா வீட்டுக்கு வந்திருந்த அக்காவை மறுபடியும் உடுமலைக்கே அனுப்பியிருந்தார்கள். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மா சொல்கிறாள். அக்கா குரல் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

திரையில் கோடு நடுங்கியது.

அக்காவின் முதுகு நிமிர்ந்தது.

தெரிந்துவிட்டது. தன் மூச்சு யாருக்குத்தான் தெரியாது.

முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பழகிய முகம். புடவைத் தலைப்பை மட்டும் விரலில் இறுக்கிச் சுற்றினாள்.

"என்ன கேக்குது?" மாமா குனிந்தார்.

அக்கா ஒரு காதை விடுவித்தாள். தங்கை பக்கம் திரும்பவில்லை.

"கடல் சத்தமுங்க."

"எங்க, குடு."

தமயந்தி எழுந்துவிட்டாள். ஒயர் காலடியில்தான் கிடந்தது. பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்வியோடு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப்போவது அவள் இல்லை, அக்கா.

மாமா நின்றபடியே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அவர் வீட்டுக் குழாய். அவர் மனைவியின் மூச்சு. விசும்பல் வரும் இடம் தமயந்திக்கு மனப்பாடம். அதோ, கோடு இரண்டாகப் பிய்ந்தது.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பயந்துதான் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அது பயமாக இல்லை. கூட்டத்தில் எதிரே வருகிறவர் நம்மைக் கண்டுகொள்வாரா என்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

மாமா தலையாட்டினார்.

"ஆமா, கடலேதான். இதைக் கேட்டா நல்லாத் தூக்கம் வந்துரும்போல." சிரித்தார். "கொழுந்தியா கெட்டிக்காரிதான்."

ஹெட்போனை வைத்துவிட்டு, ஓர் இதழை எடுத்து, திறந்து பார்க்காமலே அக்காவிடம் கொடுத்தார்.

"போயி வண்டியை எடுத்துட்டு வர்றேன். வாசலுக்கு வந்துரு."

போனார்.

அக்கா அவர் போன வழியைப் பார்க்கவில்லை. எதிரே கோடு ஆடாமல் நேராகக் கிடந்தது.

"கழட்டிடறேன்க்கா." தமயந்தி குனிந்து ஒயரைப் பிடித்தாள். "இப்பவே எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?"

தமயந்தி இதழை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அக்கா விடவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து, கோடு பிய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். இன்னொரு பக்கம். இன்னொன்று. அத்தனையும் தன்னுடையதா என்று பார்ப்பவள்போல் கடைசிவரை புரட்டினாள்.

வெளியே ஹாரன் அடித்தது.

"தமா."

"சொல்லுக்கா."

"வெட்டி எடுத்தியே, அந்தப் பேச்செல்லாம். வெச்சிருக்கியா, அழிச்சுட்டியா?"

"இருக்குக்கா. ஒண்ணுவிடாம இருக்கு."

மறுபடியும் ஹாரன். இந்த முறை நீளமாக.

அக்கா வாசல் பக்கம் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றி, காலாலேயே நாற்காலிக்கடியில் தள்ளினாள்.